பழைய கேம் புது விண்டோஸில் ஓடவில்லையா? எங்கே தேடுவது என்று ஓர் எளிய விளக்கம்

வைஸ் சிட்டி, ரோட் ராஷ், ஐஜிஐ, கிரிக்கெட் 07. மதுரையில் கோரிப்பாளையத்திலும் சிம்மக்கல்லிலும் பிரௌசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து இவற்றை விளையாடியவர்கள் இன்று வேலைக்குப் போய் நல்ல லேப்டாப் வைத்திருக்கிறார்கள். பழைய ஆசையில் பரணிலிருந்து சிடியை எடுத்துப் போட்டால், டபுள் கிளிக் செய்ததும் கர்சர் ஒரு சுற்று சுற்றி நின்றுவிடுகிறது. திரையில் ஒன்றும் வருவதில்லை. 256 எம்பி ரேமில் ஓடியது 16 ஜிபி ரேமில் ஓடாதா என்று கேட்கிறார்கள். கடையில் காட்டினால் ‘ஃபார்மட் அடிச்சுப் பாத்துரலாம்’ என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். ஃபார்மட் அடித்தாலும் திரும்ப உட்காரப்போவது அதே புது விண்டோஸ்தான். அதனால் இந்தச் சிக்கல் தீராது, உங்கள் போட்டோக்கள் போய்விடும் அபாயம்தான் மிச்சம்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். எந்த கேமும் தானாக எதையும் செய்வதில்லை. படம் வரைய, ஒலி எழுப்ப, கோப்பைத் திறக்க, சிடி உள்ளே இருக்கிறதா என்று பார்க்க, எல்லாவற்றுக்கும் விண்டோஸிடம்தான் கேட்கும். கேம் எழுதப்பட்ட ஆண்டில் எது எங்கே கிடைத்ததோ, அந்த இடத்தில்தான் இன்றைக்கும் போய்க் கேட்கும். 1999-ல் மாட்டுத்தாவணி பஸ் நிலையம் திறப்பதற்கு முன்பே ஊரை விட்டுப் போன ஒருவர், இன்று திரும்பி வந்து நாகர்கோவில் பஸ்ஸுக்காக அது அந்தக் காலத்தில் கிளம்பிய பழங்காநத்தத்தில் போய் நின்றால் என்ன ஆகும்? பஸ் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, அவர் நிற்கும் இடம்தான் மாறிவிட்டது. பழைய கேமின் நிலையும் இதுதான். லேப்டாப்பின் வேகத்துக்கும் இதற்கும் அநேகமாகச் சம்பந்தமே இல்லை.

ஆகவே கண்ட செட்டிங்கையெல்லாம் மாற்றுவதற்கு முன், கேம் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பாருங்கள். இன்ஸ்டால் ஆகவே மறுக்கிறதா? இன்ஸ்டால் ஆகி, திறக்க மறுக்கிறதா? திறந்து உடனே மூடிக்கொள்கிறதா? ஓடுகிறது, ஆனால் நிறமோ வேகமோ தப்பாக இருக்கிறதா? இந்த நான்குக்கும் காரணங்கள் வேறு வேறு. பாதி வேலை இதைக் கவனிப்பதிலேயே முடிந்துவிடும்.

இன்ஸ்டால் ஆகவில்லை, ‘இந்த ஆப் உங்கள் பிசியில் ஓடாது’ என்ற பொருளில் ஒரு நீலப் பெட்டி வருகிறது என்றால், அது 16-பிட் புரோகிராமாக (ஒரே நேரத்தில் 16 பிட் அளவுத் தரவைக் கையாளும்படி எழுதியது) இருக்க வாய்ப்பு அதிகம். விண்டோஸ் 95-க்கு முந்தைய கேம்கள் இப்படித்தான் எழுதப்பட்டன. 64-பிட் விண்டோஸில் 16-பிட் புரோகிராமை ஓட்டும் பகுதியே கிடையாது. விண்டோஸ் 10 வரைக்கும் 32-பிட் பதிப்பு ஒன்று இருந்தது, அதில் அந்தப் பகுதியை வைத்துக்கொள்ளலாம். 2021-ல் வந்த விண்டோஸ் 11 முழுக்க 64-பிட்.

ஒரு கோப்பு எத்தனை பிட் என்று கண்டுபிடிக்கத் தனி மென்பொருள் எதுவும் வேண்டாம், நோட்பேட் போதும். கேமின் முதன்மைக் கோப்பை ரைட் கிளிக் செய்து, ‘ஓப்பன் வித்’ வழியாக நோட்பேடில் திறங்கள். திரை முழுக்கப் புரியாத குறிகளாக வரும், பயப்பட வேண்டாம். முதல் இரண்டு எழுத்து எம், இசட் என்று இருக்கும். இந்தக் கோப்பு வடிவத்தை உருவாக்கிய மைக்ரோசாஃப்ட் பொறியாளர் மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் பெயரின் முதலெழுத்துகள் அவை. கொஞ்சம் தள்ளி, இந்த புரோகிராமை டாஸில் (விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளம்) ஓட்ட முடியாது என்பதுபோல ஆங்கிலத்தில் ஒரு வரி. அதற்கு அடுத்து பி, இ என்ற இரண்டு பெரிய எழுத்துகளைத் தேடுங்கள். அவற்றை ஒட்டி ‘எல்’ என்ற பெரிய எழுத்து வந்தால் 32-பிட், ‘டி’ என்ற சின்ன எழுத்து வந்தால் 64-பிட். பி, இ இருக்க வேண்டிய இடத்தில் என், இ இருந்தால் 16-பிட் விண்டோஸ் புரோகிராம். இரண்டுமே இல்லை என்றால் அது டாஸ் கேம். பார்த்து முடித்ததும் எதையும் சேமிக்காமல் மூடிவிடுங்கள், சேமித்தால் கோப்பு கெட்டுப்போகும்.

டாஸ் கேம் என்று தெரிந்தால் சந்தோஷப்படுங்கள், இருப்பதிலேயே சுலபமானது அதுதான். பிரின்ஸ் ஆஃப் பெர்சியா, டேவ் போன்றவற்றுக்கு டாஸ்பாக்ஸ் என்ற இலவச மென்பொருள் 2002 முதல் இருக்கிறது. பழைய கம்ப்யூட்டர் ஒன்றையே அது விண்டோஸுக்குள் போலியாக உருவாக்கித் தருகிறது. கேம் கோப்பை இழுத்து டாஸ்பாக்ஸ் ஐகான் மேல் விட்டாலே ஓடத் தொடங்கும். வேகம் அதிகமாக இருந்தால் கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு எஃப்11, குறைவாக இருந்தால் எஃப்12. 16-பிட் விண்டோஸ் கேம் என்றால் வைன்விடிஎம் என்ற இலவச மென்பொருள் பல நேரம் கைகொடுக்கும்.

இன்னொன்று, 90-களின் பின்பாதியில் வந்த பல கேம்கள் 32-பிட்தான், ஆனால் அவற்றின் இன்ஸ்டாலர் மட்டும் 16-பிட். சிடியில் ‘செட்டப்’ ஓடவில்லை என்பதற்காக கேமே ஓடாது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அந்தக் காலத்தில் புழங்கிய சில இன்ஸ்டாலர்களை 64-பிட் விண்டோஸே அடையாளம் கண்டு, அவற்றுக்குப் பதிலாகத் தன்னிடம் இருக்கும் 32-பிட் வடிவத்தை ஓட்டிக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் அப்படிச் செய்யாது. செட்டப்பையும் கேமையும் தனித்தனியாக நோட்பேடில் பார்த்துவிடுங்கள்.

ஒரு டெராபைட் டிஸ்க்கில் ‘இடம் போதவில்லை’ என்று பழைய இன்ஸ்டாலர் சொல்வதும் உண்டு. அந்தக் கால புரோகிராம்கள் டிஸ்க் அளவைக் குறித்துக்கொள்ளும் எண்ணில் 2,14,74,83,647-க்கு மேல் எழுத இடமில்லை. அதைத் தாண்டினால் எண் புரண்டு எதிர்மறையாகிவிடும், ‘இடமே இல்லை’ என்று கேம் நினைத்துக்கொள்ளும்.

அடுத்து, டபுள் கிளிக் செய்தால் எந்தச் செய்தியும் வராமல் அப்படியே அமைதியாகிவிடும் கேம்கள். ஒரிஜினல் சிடி வைத்திருப்பவர்களுக்குத்தான் இது அதிகம் நடக்கிறது. 2000-களின் தொடக்கத்தில் பல கேம்களில் சேஃப்டிஸ்க் என்ற காப்பி தடுப்பு இருந்தது. சிடி ஒரிஜினலா என்று பார்ப்பதற்கு அது விண்டோஸின் ஆழத்தில் ஒரு டிரைவரை, அதாவது முழு அதிகாரத்தோடு ஓடும் ஒரு சின்ன புரோகிராமை, உட்கார வைத்திருந்தது. அந்த டிரைவரில் பாதுகாப்பு ஓட்டை இருந்தது. 2015 ஜூலையில் வந்த விண்டோஸ் 10-ல் அந்த டிரைவரையே மைக்ரோசாஃப்ட் சேர்க்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் ஓர் அப்டேட் மூலம் விஸ்டா, 7, 8 ஆகியவற்றிலும் அதை நிறுத்தியது. அன்றிலிருந்து காசு கொடுத்து வாங்கிய அசல் சிடி ஓடாமல் போனது. எனக்கு இதில் வருத்தம் உண்டு, வாங்கியவர் செய்த தப்பு என்று இதில் ஒன்றுமே இல்லை. ஆனாலும் அந்த டிரைவரைத் தேடிப் பிடித்துத் திரும்பப் போடச் சொல்லும் யோசனைகளைக் கேட்காதீர்கள். உங்கள் வங்கிக் கணக்கும் அதே லேப்டாப்பில்தான் திறக்கிறது. கேம் நிறுவனமே சிடி சோதனையை எடுத்துவிட்டு ஏதாவது பேட்ச் வெளியிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஜிஓஜி தளத்தில் தேடுங்கள். 2008 முதல் பழைய கேம்களைக் காப்பி தடுப்பு இல்லாமல், புது விண்டோஸில் ஓடும்படி சரிசெய்து விற்கிறார்கள். தள்ளுபடி நாட்களில் பழைய கேம்கள் மலிவாகவே கிடைக்கின்றன.

மூன்றாவது வகையில் பல நேரம் ஏதாவது ஒரு செய்தி வரும். ‘இன்ன டிஎல்எல் கோப்பைக் காணவில்லை.’ பல புரோகிராம்கள் பொதுவாகப் பயன்படுத்தும் துணைக் கோப்புதான் டிஎல்எல். திருமங்கலத்திலிருந்து அக்கா மகன் இதற்காகத்தான் போன் செய்தான். “மாமா, டிஎல்எல் மிஸ்ஸிங்னு வருது. நெட்ல அந்த ஃபைல் மட்டும் தனியா கிடைக்குது, எடுத்துப் போடவா?” “வேணாம் மாப்ள, அந்தப் பேரை அப்படியே வாசி” என்றேன். டி3டிஎக்ஸ்9 என்று தொடங்கியது. அந்த எழுத்துகளைக் கேட்டதும் விஷயம் புரிந்துவிட்டது, கேம்களின் படத்தையும் ஒலியையும் கவனிக்கும் விண்டோஸ் பகுதியான டைரக்ட்எக்ஸின் 9-ம் பதிப்புக்கான துணைக் கோப்பு அது. விண்டோஸ் 11-ல் டைரக்ட்எக்ஸ் 12 இருக்கிறதே, பெரிய எண்ணில் சின்ன எண் அடங்காதா என்று அவன் கேட்டான். அடங்காது. அந்தத் துணைக் கோப்புகள் விண்டோஸோடு வருவதில்லை, தனியாகப் போட வேண்டும். மைக்ரோசாஃப்ட் 2010 ஜூனில் வெளியிட்ட டைரக்ட்எக்ஸ் தொகுப்பில் எல்லாம் இருக்கின்றன, 12-ஐ அது தொடாது. இதில் ஓர் இடத்தில் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். அந்தத் தொகுப்பைத் திறந்ததும் எந்த ஃபோல்டரில் போட வேண்டும் என்று கேட்கும், கொடுத்தால் ‘முடிந்தது’ என்பதுபோல மூடிக்கொள்ளும். அப்போது கோப்புகள் பிரிந்து விழுந்திருக்கின்றன, அவ்வளவுதான். அந்த ஃபோல்டருக்குள் போய் டிஎக்ஸ்செட்டப் என்ற கோப்பை ஓட்டினால்தான் வேலை முடியும். பையனும் அங்கேதான் நின்றிருந்தான்.

டிஎல்எல் பெயர் எம்எஸ்விசி என்று தொடங்கினால், தேவைப்படுவது விஷுவல் சி++ ரன்டைம் என்ற மைக்ரோசாஃப்ட் துணைக் கோப்புத் தொகுப்பு. பெயரின் கடைசியில் 100 என்றிருந்தால் 2010-ம் ஆண்டுப் பதிப்பு, 90 என்றிருந்தால் 2008, 80 என்றிருந்தால் 2005. உங்கள் விண்டோஸ் 64-பிட்டாக இருந்தாலும் கேம் 32-பிட் என்றால் எக்ஸ்86, அதாவது 32-பிட் பதிப்பைத்தான் போட வேண்டும். முடிவில் 7பி என்று வரும் 0எக்ஸ்சி000007பி பிழை இந்தக் குழப்பத்தால்தான் பெரும்பாலும் வருகிறது. 32-பிட் கேமுக்கு 64-பிட் டிஎல்எல் கையில் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். டிஎல்எல்லைத் தனியாக இறக்கித் தரும் தளங்களில் கோப்பு எடுப்பவர்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது, வைரஸ் ஆபத்து அதற்கு மேல்.

நெட்வொர்க்கில் பலர் சேர்ந்து விளையாட உதவும் பழைய பகுதியான டைரக்ட்பிளே கேட்டு ஒரு பெட்டி வந்தால் ‘சரி’ கொடுங்கள், விண்டோஸே போட்டுக்கொள்ளும். வரவில்லை என்றால் கண்ட்ரோல் பேனலில் ‘விண்டோஸ் ஃபீச்சர்ஸ்’ பகுதியைத் திறந்து, ‘லெகசி காம்பொனன்ட்ஸ்’ என்பதன் கீழே டிக் செய்யலாம்.

செய்தி எதுவும் காட்டாமல் திறந்து மூடிக்கொள்ளும் கேம் கூட ஒரு தடயத்தை விட்டுவிட்டுத்தான் போகும். ஸ்டார்ட்டில் ‘ஈவன்ட் வியூவர்’ என்று தேடித் திறங்கள். ‘விண்டோஸ் லாக்ஸ்’ என்பதற்குள் ‘அப்ளிகேஷன்’. கேம் மூடிய நேரத்தில் சிவப்புக் குறியோடு ஒரு வரி இருக்கும். அதைத் தட்டினால் கீழே இரண்டு பெயர்கள் தெரியும். ‘ஃபால்டிங் அப்ளிகேஷன்’ என்பது விழுந்த புரோகிராம், அதாவது உங்கள் கேம். அதை விட முக்கியம் அடுத்து வரும் ‘ஃபால்டிங் மாட்யூல்’, எந்த இடத்தில் தடுக்கி விழுந்தது என்று அதுதான் சொல்கிறது. அங்கே டிடிரா (ddraw) என்றிருந்தால் பழைய 2டி பட வேலையில் சிக்கல். என்வி அல்லது ஏடிஐ என்று தொடங்கினால் கிராபிக்ஸ் டிரைவர் பக்கம். குவேக் 3 என்ற கேமின் எஞ்சினை (அடிப்படை நிரலை) வைத்துச் செய்த சில கேம்கள் இந்த இரண்டாவது காரணத்தால் விழுந்தன, அந்தக் காரணம் சுவையானது. உன்னால் என்னென்ன முடியும் என்று அந்த கேம்கள் தொடக்கத்திலேயே கிராபிக்ஸ் கார்டிடம் கேட்கும். பதிலை எழுதிக்கொள்ள 1999-க்குப் போதுமான அளவு இடம் ஒதுக்கியிருந்தார்கள். இன்றைய கார்டின் பட்டியல் மிக நீளம். பதில் அந்த இடத்தைத் தாண்டி வழிந்து, பக்கத்தில் இருந்ததை அழித்துவிடும். கார்டு அதிகம் கற்றுக்கொண்டதால் கேம் விழுகிறது.

கேம் ஓடுகிறது, ஆனால் புல் சிவப்பாகவும் தண்ணீர் வேறு நிறத்திலும் தெரிகிறது என்றால் 256 நிறச் சிக்கல். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-ஐ விண்டோஸ் 7-ல் விளையாடியவர்கள் இதைக் கண்டிப்பாகப் பார்த்திருப்பார்கள். அந்த கேம்கள் 256 நிறங்களுக்கு ஓர் அட்டவணை போட்டு, அதிலிருந்து எண் சொல்லி நிறம் கேட்கும். டெஸ்க்டாப்பும் அதே அட்டவணையில் கைவைத்ததால் எண்கள் குழம்பின. விண்டோஸ் 8 முதல் அந்த நிற முறையே கிடையாது, பாவனைதான் நடக்கிறது. இதற்கு டிஜிவூடூ 2 என்ற இலவச மென்பொருள்தான் என் முதல் பரிந்துரை. பழைய கேம் கேட்பதை வாங்கி, புது கிராபிக்ஸ் கார்டுக்குப் புரியும்படி மாற்றிச் சொல்லும். அதில் எம்எஸ் என்ற ஃபோல்டருக்குள் எக்ஸ்86 ஃபோல்டரில் உள்ள டிஎல்எல்களை கேமின் ஃபோல்டரில் போட்டால் போதும், விண்டோஸில் வேறு எங்கும் கைவைக்க வேண்டாம். பிடிக்கவில்லையென்றால் அந்தக் கோப்புகளை நீக்கிவிடுங்கள், எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

வேகச் சிக்கலுக்கு வைஸ் சிட்டியும் சான் ஆன்ட்ரியாஸும் நல்ல பாடம். நொடிக்கு இத்தனை படம்தான் வரும் என்று நம்பி, கார் ஓடுவது, ஆள் நீந்துவது எல்லாவற்றையும் அதற்கேற்பக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். புது கார்டு படங்களை அள்ளிக் கொட்டினால் கணக்கு தப்பிவிடும். கேமின் டிஸ்பிளே செட்டிங்கில் ஃப்ரேம் லிமிட்டரை ஆன் செய்யுங்கள். திரை 144 ஹெர்ட்ஸ் என்றால் விண்டோஸில் 60-க்கு இறக்குங்கள்.

சான் ஆன்ட்ரியாஸில் நடந்த இன்னொன்றைச் சொல்லியே ஆக வேண்டும். 2024-ல் வந்த விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பைப் போட்டவர்களுக்கு, ஸ்கிம்மர் என்ற தண்ணீர் விமானம் கேமிலிருந்து காணாமல் போனது. எல்லாரும் விண்டோஸைத் திட்டினார்கள். இந்த கேமுக்கு சைலன்ட்பேட்ச் என்ற திருத்தத்தை எழுதியவர் தோண்டிப் பார்த்தபோது, தப்பு 2005-ல் பிசிக்கு வந்த கேமிலேயே இருந்தது தெரிந்தது. வண்டிகளின் பட்டியல் கோப்பில் விமானங்களின் வரிகளில் சக்கர அளவு எழுதியிருக்கும், ஸ்கிம்மரின் வரியில் மட்டும் அது விடுபட்டுப்போனது. எண் இல்லையென்றால் இதை எடுத்துக்கொள் என்றும் கேமில் எழுதவில்லை. அதனால் இதற்கு முன் படித்த வண்டியின் அளவு நினைவகத்தில் மிச்சமிருந்ததை எடுத்து, கிட்டத்தட்ட 20 ஆண்டு அதிர்ஷ்டத்தில் ஓடியது. 24எச்2-ல் விண்டோஸ் தன் உள்வேலைக்கு அந்த இடத்தை உரிமையோடு பயன்படுத்தத் தொடங்கியது. மிச்சம் அழிந்தது, விமானமும் போனது. சைலன்ட்பேட்ச் போட்டால் திரும்பி வந்துவிடும். பிரபலமான பழைய கேம் ஒவ்வொன்றுக்கும் இப்படி ரசிகர்கள் செய்த திருத்தம் ஒன்று இருக்கிறதா என்று முதலிலேயே தேடுங்கள். சம்பளம் வாங்காமல் இந்த வேலையைச் செய்கிறவர்களால்தான் பாதி கேம்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன.

எல்லாரும் முதலில் போகும் கம்பாட்டிபிலிட்டி மோடைக் கடைசியில் வைத்திருக்கிறேன். அது என்ன செய்கிறது என்று தெரிந்தால்தான் எப்போது உதவும் என்று தெரியும். கேமை ரைட் கிளிக் செய்து பிராப்பர்டீஸில் அந்த டேபில் எக்ஸ்பி என்று தேர்ந்தெடுத்தால், உங்கள் கம்ப்யூட்டர் எக்ஸ்பியாக மாறிவிடாது. கேம் ‘நீ எந்த விண்டோஸ்?’ என்று கேட்டால் ‘எக்ஸ்பி’ என்று பதில் போகும், கூடவே சில பழைய பழக்கங்களை விண்டோஸ் அந்த கேமுக்கு மட்டும் காட்டும். மைக்ரோசாஃப்ட் இதை நெடுங்காலமாகச் செய்துவருகிறது. விண்டோஸ் 3-க்காக எழுதிய சிம்சிட்டி, திருப்பிக் கொடுத்துவிட்ட நினைவகத்தையே மறுபடி படிக்கும் தப்பைச் செய்தது. அது ஓட வேண்டும் என்பதற்காக, சிம்சிட்டி ஓடும்போது மட்டும் நினைவகத்தை உடனே எடுத்துக்கொள்ளாதபடி விண்டோஸ் 95-ல் தனி ஏற்பாடே செய்தார்கள். ஆக, கேம் விண்டோஸின் பதிப்பைப் பார்த்து முரண்டு பிடித்தால் இந்த மோடு உதவும். 16-பிட் சிக்கலையோ, காணாமல் போன டிஎல்எல்லையோ, சேஃப்டிஸ்க்கையோ இது தீர்க்காது. ஒரு நேரத்தில் ஒரு டிக் மட்டும் மாற்றிப் பாருங்கள். எல்லாவற்றையும் சேர்த்து டிக் செய்தால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாமல் போய்விடும்.

கேம் ஓடுகிறது, சேவ் மட்டும் நிற்கவில்லை என்றால் அது புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரில் இருக்கிறதா என்று பாருங்கள். விஸ்டாவிலிருந்து அங்கே சாதாரண புரோகிராம்கள் எழுத அனுமதி இல்லை. பழைய கேமை சி டிரைவிலேயே ‘கேம்ஸ்’ என்று தனி ஃபோல்டர் போட்டு அதில் இன்ஸ்டால் செய்தால் இந்தத் தொல்லையே வராது.

இவ்வளவுக்கும் மசியாத கேம் சில இருக்கும். பழைய எக்ஸ்பி சிடியும் அதன் கீயும் இருந்தால், விண்டோஸுக்குள் இன்னொரு கம்ப்யூட்டரைப் போலியாக ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸில் எக்ஸ்பியைப் போட்டு ஓட்டலாம், 2டி கேம்களுக்கு அது போதும், 3டிக்குத் திணறும். அதை விட நல்ல வழி பல வீடுகளில் பீரோ மேலேயே இருக்கிறது. 2011-ல் தொடங்கி அரசு பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கொடுத்த இலவச லேப்டாப். அது இன்னும் ஆன் ஆகிறது என்றால், ‘கம்ப்யூட்டர்’ ஐகானை ரைட் கிளிக் செய்து பிராப்பர்டீஸில் ‘சிஸ்டம் டைப்’ பாருங்கள். விண்டோஸ் 7, 32-பிட் என்று காட்டினால் 16-பிட் கேமும் அதன் இன்ஸ்டாலரும் அதில் நேரடியாகவே ஓட நல்ல வாய்ப்பு உண்டு. விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு அப்டேட்கள் 2020 ஜனவரியோடு நின்றுவிட்டதால் வைஃபையை ஆஃப் செய்து வையுங்கள். கேமைப் பென் டிரைவில் கொண்டுபோங்கள், அந்தப் பென் டிரைவைத் திரும்பப் புது லேப்டாப்பில் செருகும்போது மறக்காமல் ஸ்கேன் செய்துவிடுங்கள்.